கம்பத்தடியில் காதில் விழுந்தது

என்னைத் திருடி என்றார்கள். வகுப்பு நிறையப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்க, என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர்கள் முன்னால், என் சொந்த உழைப்பை நானே திருடிவிட்டதாகச் சொன்னார்கள். அப்படிச் சொல்ல வைத்தவள், கூடப் பிறக்காத தங்கை என்று நினைத்து என் டிபன் பாக்ஸில் பாதியைக் கொடுத்து நான் வளர்த்தவள்.

கௌமாரி ஆத்தாளின் பிள்ளைகளே, போன சித்திரையில் எனக்கு நடந்ததை உங்களிடம் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் முருகேஸ்வரி. வீரபாண்டியில் வாழ்க்கைப்பட்டவள். பிள்ளைகள் இருவரும் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு தேனிப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.எட். சேர்ந்தேன். வீட்டில் சும்மா அனுப்பிவிடவில்லை. என் மாமியார் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"படி, வேண்டாங்கல. ஆனா காலேஜுல இருந்து ஒரு பிராது வந்துச்சு, அன்னைக்கே நின்னுக்கிறணும்."

என் வீட்டுக்காரரும் தலையை ஆட்டிவிட்டார். டீச்சர் ஆக வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து நான் வைத்திருந்த ஆசை அந்த ஒரு பேச்சில் தொங்கிக்கொண்டிருந்தது.

எங்களுக்குப் பாடம் எடுத்தவர் உத்தமபாளையத்து ஜமீலா மேடம். செமினாருக்கு ஒரே தலைப்பை இரண்டு பேருக்குக் கொடுப்பார். தனித்தனியாகத் தயாரிக்க வேண்டும். ஒருத்தி பார்க்காததை இன்னொருத்தி பார்ப்பாள் என்பது அவர் கணக்கு. எனக்கும் சுகன்யாவுக்கும் வந்த தலைப்பு, அறிவுக் கோட்பாடு. ஒரு விஷயம் நமக்குத் தெரியும் என்கிறோமே, அது எப்படித் தெரிகிறது? தெரியும் என்று எதை வைத்துச் சொல்கிறோம்? கேட்டதும் எனக்குத் தலை சுற்றியது. புளி தீர்ந்துபோனது டப்பாவைத் திறந்தால் தெரிகிறது, இதற்கு எதற்கு ஒரு கோட்பாடு என்று சிரித்தேன்.

படிக்கப் படிக்கத்தான் ருசி தெரிந்தது. காட்சி, கருதல், உரை என்று அறிவு வருகிற வழிகளை நம் பெரியவர்கள் பிரித்து வைத்திருக்கிறார்கள். கண்ணால் பார்ப்பது காட்சி. தேவாரம் ஊர்ப் பக்கத்து மலையில் மேகம் கவிந்தால் சாரல் வரும் என்று கணிப்பது கருதல். நம்பத் தகுந்தவர்கள் சொல்லித் தெரிந்துகொள்வது உரை. அந்த உரைக்கு ஒரு உதாரணம் வேண்டுமே என்று யோசித்து யோசித்து, கடைசியில் பாத்திரம் கழுவும்போது தோன்றியது. என்னைப் பெற்ற வலியில் துடித்தபோது, ஆற்றில் வெள்ளம் புரண்டு ஓடுகிற சத்தம் ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டே இருந்தது என்று என் அம்மா சொல்வார். நான் அந்தச் சத்தத்தைக் கேட்டேனா? நினைவில்லை. ஆனாலும் எனக்குத் தெரியும். அம்மா சொன்னார் என்பதால் தெரியும். அதை அப்படியே ஒரு ஸ்லைடில் போட்டேன். என் நாத்தனார் மகன் லீவுக்கு வந்தபோது அவன் லேப்டாப்பில் உட்கார்ந்து எல்லாவற்றையும் நானே டைப் செய்தேன். சொன்னால் சிரிப்பீர்கள், முடித்த அன்று பிள்ளைகளுக்குப் பாயசம் வைத்தேன்.

சுகன்யா கடமலைக்குண்டுப் பெண். கல்லூரிக்காக வீரபாண்டியில் உறவுக்காரர் வீட்டில் தங்கியிருந்தாள். ஒரே பஸ், ஒரே பெஞ்சு. சித்திரைத் திருவிழாவுக்குக் கம்பம் நட்டதும் இரண்டு பேரும் சேர்ந்தே விரதம் தொடங்கினோம். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், ஆத்தா கோயில் முன்னால் மூன்று கிளை உள்ள அத்தி மரக் கம்பத்தை நடுவார்கள். திருவிழா முடியும்வரை முல்லையாற்றில் குளித்து, ஈரத் துணியோடு குடத்தில் தண்ணீர் மொண்டு, வேப்பிலை போட்டு அந்தக் கம்பத்துக்கு ஊற்றுவோம். ஊற்றும்போது மனதில் உள்ளதை வாய்விட்டு முணுமுணுப்போம். அந்த நாட்களில் கேட்டவர்களுக்கு இல்லை என்று சொல்லக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். அது சுகன்யாவுக்கும் தெரியும். நான்தான் சொல்லியிருந்தேன்.

அவள் கேட்டது கம்பத்தடியில். என் குடத்தில் இருந்து தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

"அக்கா, உங்க செமினாரை என் பென்டிரைவ்ல போட்டுத் தாங்கக்கா. எப்படிப் பண்ணிருக்கீகன்னு சும்மா பாத்துட்டுத் தந்துர்றேன்."

அவள் முதல் நாள், நான் மறுநாள் பேச வேண்டும். மனசு ஒரு நொடி இழுத்தது. ஆனால் விரதம். ஈரத் துணியோடு நிற்கிறாள். வீட்டுக்கு வந்து போட்டுக் கொடுத்தேன். நாத்தனார் மகன் எனக்கும் ஒரு பென்டிரைவில் அதைப் போட்டுக் கொடுத்துவிட்டு அன்றைக்கே லேப்டாப்போடு கோயம்புத்தூருக்கு பஸ் ஏறிவிட்டான்.

சுகன்யா பேசிய அன்று என் சின்னவனுக்குக் காய்ச்சல், நான் போகவில்லை. மறுநாள் போய் என் முதல் ஸ்லைடைப் போட்டதும் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்றாவது ஸ்லைடில் மேடம் கையைக் காட்டி நிறுத்தினார். "இதைத்தானம்மா நேத்து சுகன்யா சொன்னா? ஒரு எழுத்து மாறல."

நான் சுகன்யாவைப் பார்த்தேன். நடந்ததைச் சொல்லிவிடுவாள் என்றுதான் பார்த்தேன். அவள் எழுந்து தரையைப் பார்த்துச் சொன்னாள். "என் பென்டிரைவை அக்கா ஒரு நாள் வாங்குனாக மேடம். அதுல இருந்து எடுத்துருப்பாக."

எனக்குக் காது அடைத்துவிட்டது. நான் என்னென்னவோ கத்தினேன். லேப்டாப், நாத்தனார் மகன் என்று உளறினேன். மேடம் வருத்தத்தோடுதான் கேட்டார். "வீட்டு ஆளுக சொல்றதை எப்படிம்மா ஆதாரமா எடுத்துக்குறது? நாளைக்கு ரெண்டு பேரும் வாங்க. யாரு சொல்றது உண்மைன்னு தெரியலைன்னா பிரின்சிபால்கிட்டப் போயிரும். வீட்ல இருந்து ஆள் கூட்டிட்டு வரச் சொல்லுவாக."

வீட்டில் இருந்து ஆள். அதாவது என் மாமியார். அதோடு என் படிப்பு முடிந்தது.

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. குழம்பு தாளித்துக்கொண்டே அழுதேன். சுகன்யா மேல் இருந்த கோபத்தைவிட ஆத்தா மேல் எனக்குக் கோபம். விரதம் இல்லாவிட்டால் நான் கொடுத்திருப்பேனா? உனக்காக இருந்த விரதம்தானே என் கழுத்தை அறுத்தது? மறுநாள் காலையில் ஆற்றுக்குப் போகும்போது கும்பிடப் போகவில்லை, சண்டை போடத்தான் போனேன்.

சுகன்யாவும் வந்திருந்தாள். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்! என் முகத்தைப் பார்க்காமல் எனக்கு முன்னால் போய் நின்றாள். நான் அவள் முதுகுக்குப் பின்னால் குடத்தோடு நின்று மனதுக்குள் கத்தினேன். ஏ ஆத்தா, ஆயிரம் ஓட்டை போட்ட ஆயிரங்கண் பானையை நேத்திக்கடனா வாங்குறியே, அத்தனை கண்ணுல எந்தக் கண்ணால இதைப் பாத்த? எனக்கு ஒரு ஆதாரம் குடு. இவளை எல்லாரு முன்னாலயும் தலைகுனிய வை. இல்லைன்னா இனி இங்கன கால் வைக்க மாட்டேன்.

சுகன்யா தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தாள். அவள் முணுமுணுத்தது என் காதில் தெளிவாக விழுந்தது.

"ஆத்தா, என்னைப் பெத்த அன்னைக்கே போயிட்டாகளே, மொகம் பாக்காத எங்கம்மாவுக்கும் சேத்து ஊத்துறேன்."

எனக்குப் புல்லரித்தது. தினமும் போனில் அவள் அம்மா, அம்மா என்று பேசுவாளே, அது சித்தியா? அப்படியென்றால் பிரசவ வலியில் ஆற்றுச் சத்தம் கேட்டதாக இவளுக்கு எந்த அம்மா சொல்லியிருக்க முடியும்? அந்த ஸ்லைடு இவளுடையது இல்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? கேட்ட வாய் மூடுவதற்குள் ஆத்தா கொடுத்துவிட்டாள். நான் சந்தோஷத்தில் அழுதேன். அது நல்ல சந்தோஷம் இல்லை. பஸ்ஸில் போகும்போதே எப்படிச் சொன்னால் அவளுக்கு அதிகம் வலிக்கும் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

வகுப்பில் மேடம் கேட்டார். "முருகேஸ்வரி, ஆதாரம் ஏதாவது இருக்காம்மா?"

எழுந்தேன். சொல் நாக்கு நுனியில் நின்றது. சுகன்யா என்னைப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து எனக்கு அவள் ஈரப் பாவாடையோடு குடத்தைச் சாய்த்தது ஞாபகம் வந்தது. கம்பத்தடியில் ஒருத்தி ஆத்தாளிடம் சொன்னதை எடுத்துவந்து இங்கே ஏலம் போடுவதா? கம்பத்தடியில் என் விரதத்தைப் பயன்படுத்திக்கொண்டு அவள் கேட்டாள். அவள் விரதத்தைப் பயன்படுத்திக்கொண்டு நான் பேசினால், எனக்கும் அவளுக்கும் என்ன வித்தியாசம்?

"இருக்கு மேடம். ஆனா சொல்ல மாட்டேன்."

பிள்ளைகள் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. "சரி, ஸ்லைடு இல்லாம வந்து பேசு" என்றார்.

போய் நின்றேன். காட்சியைச் சொன்னேன், கருதலைச் சொன்னேன். உரைக்கு வந்ததும் ஆற்றுச் சத்தம்தான் முதலில் வாயில் வந்தது. அதைச் சொன்னால் அவள் மேல் கல்லெறிந்த மாதிரி ஆகிவிடும். அதை விட்டுவிட்டேன். என் கதையையே எடுத்துக்கொண்டேன். "ஒரு ஆளை நாம எப்படித் தெரிஞ்சுக்கிறோம் மேடம்? கண்ணால பாக்குறோம், பழக்கத்தை வச்சுக் கணிக்கிறோம், அவுக சொல்றதை நம்புறோம். இந்த மூணையும் வச்சு ஒருத்தியை எனக்குத் தெரியும்னு நெனச்சேன். எனக்குத் தெரியல. ஆனா அதுக்காக இனி யாரு சொல்றதையும் நம்ப மாட்டேன்னு இருந்தா, நாளைக்கு நான் எந்தப் பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தர முடியும்? நான் சொல்றதை அது நம்பணும்ல?"

அப்போது சுகன்யா எழுந்தாள். யாரும் அவளைக் கேட்கவில்லை.

"மேடம், அது அக்காவோடதுதான். அந்த ஆத்துச் சத்தத்தை எனக்குச் சொல்றதுக்கு ஆளு இல்ல. என்னைப் பெத்தவுக அன்னைக்கே போயிட்டாக. அக்காவுக்கு அது தெரியும். காலையில கம்பத்தடியில நான் வேண்டுனப்ப என் பின்னாடிதான் நின்னாக. சொல்லிருவாக, சொல்லிருவாகன்னு உக்காந்துருந்தேன். சொல்லல."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சுகன்யாவைத் திட்டவில்லை. இதே தலைப்பை அவளாகவே தயாரித்து மறுபடி பேசச் சொன்னார். பிராது எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

நான் தேறினேன். இப்போது ஒரு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். என் மாமியார் அக்கம்பக்கத்தில் "எங்க டீச்சர்" என்கிறார். சுகன்யாவை மன்னித்துவிட்டாயா என்று கேட்டால், பொய் சொல்ல மாட்டேன், பழைய மாதிரி இல்லை. அவள் "அக்கா" என்று கூப்பிடும்போது இன்னும் உள்ளே ஒன்று சுருக்கென்று குத்துகிறது. இதை அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "எழுதுங்கக்கா" என்று சொல்லிவிட்டு அழுதாள். இந்தச் சித்திரையிலும் ஆற்றங்கரையில் பார்த்தோம். நான் ஊற்றிய தண்ணீரில் ஒரு குடம், முகம் தெரியாத அந்த அம்மாவுக்கு.

உங்களை யாராவது ஏமாற்றியிருந்தால் ஆத்தாளிடம் போங்கள். கும்பிட மனசு வராவிட்டால் சண்டையாவது போடுங்கள், அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். நீங்கள் கேட்ட கல்லைக்கூட உங்கள் கையில் கொடுப்பாள். கொடுத்துவிட்டு, எறிகிறீர்களா என்று பார்த்துக்கொண்டிருப்பாள். அன்றைக்கு என் நாக்கைப் பிடித்து நிறுத்தியவள் அவள்தான். இதற்கு என்ன ஆதாரம் என்று கேட்காதீர்கள், என்னிடம் இல்லை. நான் சொல்கிறேன், அவ்வளவுதான்.