சேடை வயலில் ஓடிய பனி வண்டி

பனியில் ஓடும் வண்டி ஒன்றைப் பார்ப்பதற்காகப் போன அக்டோபரில் செஞ்சிக்குப் போய்வந்தேன். ஊர்ப் பெயரைத் தப்பாக எழுதிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். திண்டிவனத்துக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவில் இருக்கும், வெயிலுக்குப் பெயர்போன அதே செஞ்சிதான்.

இது தொடங்கியது பிப்ரவரியில். இமாசலத்தில், குளிர்காலம் முழுக்கச் சாலை மூடிக்கிடக்கும் ஒரு மலைக்கிராமத்தில் தங்கியிருந்தேன். வாசற்படியில் உறைந்திருந்த பனியில் வழுக்கி, வலது கால் முழங்காலுக்குக் கீழே முறிந்தது. சிகரம் ஏறும்போது விழுந்தேன் என்று சொல்லிக்கொண்டால் கௌரவமாக இருக்கும். நான் பல் துலக்கப் போய் விழுந்தவன். நோயாளிகளைக் கீழே கொண்டுபோக அந்த ஊரில் இருந்த ஒரே வாகனம் பழைய ஸ்னோமொபைல். முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகள், அடியில் ரப்பர் பெல்ட், மேலே பைக்கில் இருப்பது போன்ற சீட். அதன் பின்னால் கட்டி இழுக்கும் பலகைப் படுக்கையில் என்னைக் கிடத்தினார்கள். ஓட்டுநர் குனிந்து கயிற்றை இறுக்கியபோது வலி தாங்காமல் "ஐயோ அம்மா" என்று கத்திவிட்டேன்.

"இன்னா சார், நம்ம ஊரா?" என்றார் அவர்.

செஞ்சி மூர்த்தி எனக்கு அறிமுகமானது அப்படித்தான். கோடையில் மலைச்சாலை வேலையில் டிப்பர் ஓட்டுகிறார், குளிர்காலத்தில் அந்த ஊர்க் கமிட்டிக்காகப் பனி வண்டி. அன்றைக்குப் பதினெட்டு கிலோமீட்டர் தூரத்தைக் கடக்க ஆறு மணி நேரம் ஆயிற்று. புதுப்பனியில் வண்டி இடுப்பளவு புதைந்துவிட, அவர் மண்வெட்டியால் தோண்டினார், நான் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். ஒவ்வொரு மேட்டிலும் பலகை எகிறி விழும்போது உயிர் போய்த் திரும்பியது. வழியில் எலும்பு இன்னும் விலகியிருக்கிறது என்று பிறகு மருத்துவமனையில் சொன்னார்கள். அவர் இல்லாவிட்டால் நான் இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன் என்பதையும் சொன்னார்கள்.

இந்த இரண்டில் முதல் விஷயம் மட்டும் மூர்த்தியின் மனைவி தேவகியின் காதில் பலமாக விழுந்துவிட்டது. அவர் செஞ்சி அரசு மருத்துவமனையில் நர்ஸ். இனிமேல் அந்த வண்டியில் ஆளை ஏற்றக்கூடாது, சரிபண்ண முடியாதென்றால் மலைக்கே போகவேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். மூர்த்தி இமாசலத்துக்குப் போகும்முன் செஞ்சியில் நெல் அறுவடை இயந்திரங்களைப் பழுதுபார்த்தவர். பெல்ட் வண்டி என்றால் அவருக்குப் புதிதல்ல. ஆகஸ்ட் கடைசியில் கமிட்டியிடம் கேட்டு, ஸ்னோமொபைலை ஆப்பிள் லாரியில் ஏற்றிச் சென்னைக்கும், அங்கிருந்து மினி லாரியில் ஊருக்கும் கொண்டுவந்துவிட்டார். ஒன்றரை மாதம் கழித்து எனக்குப் போன் வந்தது.

"சார், வேலை முடிஞ்சிருச்சி. நாளான்னிக்கு லாரி திரும்புது. அத வுட்டா கணவாய் மூடிரும், அப்புறம் இந்த வருசம் வண்டி மேல போவாது. தேவகி ஓட்டிப் பாக்காம ஏத்த வுடமாட்டேங்கிறா. அதுல படுத்தவரு நீங்கதான். வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க."

மறுநாள் அதிகாலை ஐந்தேகாலுக்குக் கிளாம்பாக்கத்தில் திருவண்ணாமலை பஸ் ஏறினேன். செஞ்சிக்கு ஏறத்தாழ நூற்று முப்பது கிலோமீட்டர், மூன்றரை மணி நேரம். ஜன்னலோரம் இடம் கிடைத்தால் வலதுபக்கமாகப் பார்த்து உட்காருங்கள் என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. இரண்டு பக்கமும் அழகுதான். முந்தைய இரவு மழை பெய்திருந்தது. திண்டிவனம் தாண்டியதும் தூக்கமும் விழிப்புமாக இருந்த எனக்கு, வெளியே ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போயின. பிறகு பாறைகள் தொடங்கின. யாரோ கூடைகூடையாக அள்ளிவந்து கொட்டிவிட்டு மறந்துபோனது போன்ற குன்றுகள். பாதி மேகத்துக்குள் இருந்தன. எந்தக் குன்றில் கோட்டை, எது வெறும் குன்று என்று பிரித்தறிய முடியவில்லை. கண்டக்டர் "செஞ்சி, செஞ்சி" என்று கத்தியபோது நான் இன்னும் கொஞ்சம் தூரம் இருக்கக்கூடாதா என்றுதான் நினைத்தேன்.

பஸ் நிலையத்தில் மூர்த்தி பைக்கோடு நின்றார். பனிக்கண்ணாடியும் கம்பளித் தொப்பியுமாகப் பார்த்த ஆளை லுங்கியில் பார்த்ததும் அடையாளம் தெரியவில்லை. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தார். "நல்லா நடக்கறீங்களா? சாப்டீங்களா?" என்றார். இரண்டு கேள்விக்கும் ஒரே தலையாட்டல் போதுமாக இருந்தது. அவலூர்பேட்டை சாலையில் நான்கு கிலோமீட்டர் போய், ஒரு மண்பாதையில் திரும்பினால் அவருடைய தகரக் கொட்டகை.

உள்ளே, நெல்மூட்டைகளுக்கு நடுவே அந்த வண்டி நின்றது. அதைப் பார்த்ததும் கால் லேசாக வலித்தது என்று சொன்னால் நம்புவீர்களா? வலித்தது.

இனி, வண்டிப் பித்துள்ளவர்களுக்காக ஒரு பத்தி. மற்றவர்கள் தாண்டிப் போகலாம். பழைய பெல்ட்டின் சுற்றளவு 121 அங்குலம், அதன் ரப்பர் பற்கள் ஒன்றேகால் அங்குல உயரம். இப்போது போட்டிருப்பது 154 அங்குலம், பற்கள் இரண்டரை அங்குலம். பெல்ட் நீளமானால் எடை பரவும், வண்டி பனியில் புதையாது. பல் உயரமானால் மாவு போன்ற பனியிலும் பிடி கிடைக்கும். ஆனால் உயரமான பல் மேல் தகட்டில் உரசியதால், பெல்ட்டைச் சுழற்றும் பற்சக்கரத்தைச் சிறியதாக மாற்றி, உள்ளே ஓடும் தண்டவாளங்களையும் பின்தகட்டையும் நீட்டியிருக்கிறார். பெல்ட்டுக்குள் இருந்த பழைய ஷாக் அப்சார்பர்களைக் கழற்றிவிட்டு, வெளியிலிருந்து வரவழைத்த கேஸ் ஷாக்குகள். அதிமுக்கியமானது பின்னால் இழுக்கும் படுக்கை. முன்பு வெறும் பலகையாக இருந்தது, இப்போது நான்கு மூலையிலும் ஸ்பிரிங்கோடு தனித்தனி ஷாக்குகள் மேல் நிற்கிறது. பெல்ட் வாரியெறிவது படுத்திருப்பவர் மேல் விழாமலிருக்க, லாரியின் ரப்பர் தட்டி ஒன்றையும் தொங்கவிட்டிருந்தார்.

"முட்டை அட்டைய வெச்சு மண்ரோட்டுல இழுத்துப் பாத்தேன் சார். முப்பதுல ஒண்ணுதான் ஒடஞ்சுது."

"பேஷன்ட் முட்டை இல்ல," என்றது வாசலிலிருந்து ஒரு குரல். இரவுப் பணி முடித்து நேராக மருத்துவமனையிலிருந்து வந்திருந்தார் தேவகி. கண்கள் சிவந்திருந்தன. என்னிடம் "வாங்கண்ணா" என்றவர், கேட்காமலேயே குனிந்து என் காலின் தழும்பை அழுத்திப் பார்த்தார். "வெயில் ஏறங்காட்டியும் ஓட்டுங்க. நான் போய்த் தூங்கணும்."

ஸ்னோமொபைலைப் பனியில்லாமல் ஓட்டினால் இன்ஜின் சூடேறிவிடும். பெல்ட் அள்ளி மேலே வீசும் பனிதான் அதைக் குளிரவைக்கிறது. செஞ்சியில் பனிக்கு எங்கே போவது? மூர்த்தி கண்டுபிடித்த மாற்றுதான் சேடை வயல். சம்பா நடவுக்காகத் தண்ணீர் கட்டி, டிராக்டரால் உழுது குழைத்துவிட்ட வயல். மேலே தண்ணீர், அடியில் முழங்கால் வரை சேறு. பக்கத்து மூன்று ஏக்கர் அவருடைய தாய்மாமா ஏழுமலையுடையது. மறுநாள் எப்படியும் பரம்படித்துச் சமப்படுத்தப் போகிறார் என்பதால் சம்மதித்திருந்தார்.

அந்த வயலை நான் எப்படிச் சொல்வது. காற்றே இல்லை. மேகம், குன்று, மின்கம்பி, கொக்கு எல்லாம் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இருந்தன. கோட்டை இருக்கும் ராஜகிரிக் குன்று தலைகீழாகத் தண்ணீருக்குள் நின்றது. செருப்பை வரப்பில் கழற்றிவிட்டு நிற்கையில், காலை வைத்தால் வானத்துக்குள் விழுந்துவிடுவோமோ என்று தயக்கமாக இருந்தது.

அந்த மயக்கத்தை ஏழுமலை கலைத்தார். எலுமிச்சம்பழம் நசுக்காமல் வண்டியை எடுக்கக்கூடாது என்றார். "டயரே இல்லியே, எங்க மாமா வெக்கிறது?" என்றார் மூர்த்தி. கொஞ்ச நேரம் தர்க்கம் நடந்தது. கடைசியில் இரண்டு சறுக்குக் கட்டைகளுக்கும் அடியில் வைத்தார்கள். வண்டி கிளம்பியதும் பழங்கள் நசுங்காமல் சமர்த்தாகச் சேற்றுக்குள் போய்விட்டன. "உள்ள போயி நசுங்கியிருக்கும், நீ ஓட்றா," என்றார் ஏழுமலை.

முதல் சுற்று மூர்த்தி தனியாக. வண்டி மூழ்கவில்லை. சேற்றின் மேலேயே, தண்ணீரை இரண்டாகப் பிளந்துகொண்டு போயிற்று. தலைகீழ்க் கோட்டை உடைந்து, ஆடி, மறுபடி கூடியது. இரண்டாவது சுற்றுக்கு நான் பலகையில் படுத்தேன். கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அவர் வேண்டுமென்றே குறுக்கு வரப்பு ஒன்றின் மேல் ஏற்றி இறக்கினார். பிப்ரவரியில் அந்த உயரத்துக்கு நான் அலறியிருப்பேன். இப்போது அடியில் ஏதோ மூச்சை இழுத்து விட்டதுபோல் இருந்தது, அவ்வளவுதான். எழுந்து, "அருமை! ஒரு குலுக்கல் இல்லை," என்றேன்.

தேவகி தலையை ஆட்டினார். "அண்ணா, தப்பா நெனைக்காதீங்க. இவரு உங்க உசிரக் காப்பாத்தினவரு. எப்படி இருந்தாலும் நல்லாருக்குன்னுதான் சொல்வீங்க. உங்க பேச்சு செல்லாது."

எனக்குச் சுருக்கென்றது. உண்மை என்பதால்தான்.

"ஒரு சுத்து போதாது. அங்க எத்தினி மணி நேரம் ஓட்டுவ? அவ்ளோ நேரம் ஓட்டு, நான் படுத்துப் பாக்கறேன்," என்று மூர்த்தியிடம் சொல்லி, புடவையைச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினார். "வலிச்சா கைய தூக்குவேன். தூக்கினா வண்டி லாரிக்குப் போவாது. சரியா?"

"சரி," என்றார் மூர்த்தி. அவர் குரலில் பயம் தெளிவாகத் தெரிந்தது. கயிற்றை இறுக்கி, அவிழ்த்து, மறுபடி இறுக்கினார். என்னை ஒரே தடவைதான் கட்டினார்.

வண்டி சுற்றியது. வேகமாக, மெதுவாக, வரப்பேறி, வரப்பிறங்கி. தண்ணீர் தெளித்ததில் இன்ஜின் சூடேறவில்லை. நானும் ஏழுமலையும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். கை எழவில்லை. பத்துப் பதினைந்து சுற்றுக்குமேல் எண்ணுவதை விட்டுவிட்டேன். அந்தச் சத்தமும் தண்ணீரின் மினுக்கமும் சேர்ந்து என்னையே கிறங்கடித்தன. இங்கே பனி பெய்தாலும் இப்படித்தான் இருக்குமோ என்று தோன்றியது. திடீரென்று மூர்த்தி நடு வயலில் வண்டியை நிறுத்தினார். திரும்பிப் பார்த்துவிட்டு, பதறி இறங்கிப் படுக்கையை நோக்கி ஓடினார். நாங்களும் சேற்றில் விழுந்தடித்து ஓடினோம்.

தேவகி தூங்கிக்கொண்டிருந்தார். ரப்பர் தட்டியையும் மீறித் தெறித்த சேறு கன்னத்தில் காய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்து, நல்ல ஆழ்ந்த தூக்கம். ஏழுமலை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மூர்த்தி சத்தம் வராமல் சாவியைத் திருகி இன்ஜினை அணைத்தார். நாங்கள் மெல்ல வரப்புக்குத் திரும்பி உட்கார்ந்தோம்.

சும்மா இருந்த நேரத்தில், உங்களுக்கான குறிப்புகளை அங்கேயே போனில் எழுதினேன். கோட்டை பார்க்க வருபவர்கள் செஞ்சி பஸ் நிலையத்தில் இறங்கினால் நுழைவாயில் இரண்டு கிலோமீட்டர், ஆட்டோ கிடைக்கும். ராஜகிரி ஏறக் காலையிலேயே போய்விடுங்கள், பிற்பகலில் மேலே விடுவதில்லை. தண்ணீர் நிறைய வேண்டும், குரங்குகளுக்குத் தெரியாமல் வைத்துக்கொள்ள வேண்டும். வயல்களில் தலைகீழ்க் கோட்டை பார்க்க ஆசையென்றால் நடவுக்கு முந்தைய நாட்கள், காற்றில்லாத காலை. வரப்பில் மட்டும் நடங்கள், செருப்போடு சேடையில் இறங்காதீர்கள். பனி வண்டி வைத்திருப்பவர்களுக்கு: சேற்றில் ஓட்டினால் அன்றே குளிர்விப்பான் தகடுகளைக் கழுவுங்கள். பெல்ட்டை மாற்றுவதோடு நிறுத்தாமல், படுத்து வருபவருக்கும் ஷாக் போடுங்கள். இதை அனுபவித்தவன் சொல்கிறேன்.

எழுதி முடித்து நிமிர்ந்தால், மூர்த்தி நான் விட்ட இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். சந்தோஷமாக இருப்பார் என்று நினைத்திருந்தேன். அவர் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். போன வருடம் மலையில் சிக்னல் இல்லாமல் ஒரு மாதத்துக்கு மேல் வீட்டோடு பேசவே முடியவில்லை என்று அவர் முன்பு சொன்னது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வெயில் ஏற ஆரம்பித்தது. லாரிக்காரர் போனில் அழைத்தார். மூர்த்தி எடுக்கவில்லை.

"வெயில் முகத்தில் படுகிறதே, எழுப்பிவிடலாமா?" என்றேன்.

மூர்த்தி தோளில் இருந்த துண்டை எடுத்துக்கொண்டு வயலில் இறங்கினார். வெயிலை மறைத்தபடி அதை இரண்டு கையாலும் தேவகியின் முகத்துக்கு மேலே விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எழுப்பாதீங்க சார்," என்றார் மெதுவாக. "எழுந்தா, போய்ட்டு வான்னு சொல்லிடுவா."