தூக்கிவிடும் தோள்

ஒருத்தியின் தலையில் சுமை ஏற இன்னொருத்தியின் கை வேண்டும் என்றால், அதைச் சுமப்பவர் ஒருவரா, இருவரா? நெம்மேலி குப்பத்து யோகேஸ்வரி இதை வாய்விட்டுக் கேட்டதில்லை. அவளுடைய வாழ்க்கை கேட்டுக்கொண்டிருந்தது.

கரையில் மீன் எடுத்து, ஷேர் ஆட்டோவில் செங்கல்பட்டுக்குப் போய்த் தெருத் தெருவாக விற்பவள் அவள். நிறைந்த அன்னக்கூடையைத் தனியாகத் தலைக்கு ஏற்ற முடியாது. முதலில் ஏற்றிக்கொண்டவள் தன் கூடையை ஒரு கையால் பிடித்தபடி, மறு கையால் மற்றவளுக்குத் தூக்கிவிடுவாள். ஒற்றைக் கை என்பதால் பழகிய கையாக இருக்க வேண்டும். அதனால் ஜோடி மாறுவதில்லை. யோகேஸ்வரிக்கு மாரியம்மாதான் ஜோடி, இருபத்திரண்டு வருடமாக.

வலது தோள் மூட்டு தேய்ந்துபோனதை யோகேஸ்வரி ஒரு வருடம் மறைத்தாள். ஒரு நாள் அவள் கை பாதியில் நின்றது. மாரியம்மாவின் கானாங்கத்தை மீன் முழுக்க ரோட்டில் கொட்டியது. மறுநாள் முதல் யோகேஸ்வரி யாருக்கும் கை கொடுக்கவில்லை. கொடுக்க முடியாதவள் வாங்கவும் மாட்டேன் என்று கால் கூடை மீனை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். அதை ரோஷம் என்றார்கள் சிலர். வெறும் பிடிவாதமாகவும் இருக்கலாம்.

செங்கல்பட்டில் எலும்பு டாக்டர் பூபாலன் செயற்கைத் தோள் மூட்டின் இரண்டு மாதிரிகளை மேசையில் வைத்தார். இரண்டுமே பாதி மாற்றுதான், மூட்டின் பந்துப் பக்கத்துக்கு மட்டும். குழிப் பக்கத்தைத் தொடுவதில்லை. ஒன்று, பந்து எலும்பின் மேல் கவிழ்க்கும் உலோக மூடி. எலும்பை அதிகம் வெட்ட வேண்டாம். பிறகு கெட்டால் மாற்றுவது சுலபம். மற்றது, பந்தை வெட்டிவிட்டு, கை எலும்புக்குள் தண்டு இறக்கிப் பொருத்தும் புதுப் பந்து. அதைக் கழற்றுவது கஷ்டம்.

“உங்க எலும்புக்கு ரெண்டுமே பொருந்தும்மா. மூடி போட்டா, சில வருஷத்துல மறுபடி ஆபரேஷன் வர வாய்ப்பு கொஞ்சம் கூட. நான் தண்டு வெச்சதுதான் அதிகம் செஞ்சிருக்கேன்.”

“தலைக்கு மேல தூக்கலாமா?”

“பாரத்தோட முடியும்னு எதுலயும் சொல்லமாட்டேன். நல்லா தேறுனா மார் உயரம் வரைக்கும் நம்பலாம்.”

“அது போதும் டாக்டரு. மிச்சத்துக்கு அவ குனிவா.”

மகள் ரஞ்சிதா சிரித்துவிட்டாள். “இன்னாம்மா, மாரியம்மா அத்தைய கேக்காமலே குனிய வெக்கிற? பேசாம தண்டே போட்டுக்க. ஒரே தடவையில முடியும்.”

“இந்த எலும்பு என்னுது. ஒண்ணும் கெடாம கீது. அத்த எதுக்கு வெட்டணும்? மூடிதான்.” யோகேஸ்வரி மீன் பேரம் முடிப்பவளைப் போல எழுந்துவிட்டாள். மூன்று வாரம் குப்பம் முழுக்க மூடியின் பெருமையைச் சொன்னாள். கேட்டவர்களுக்கெல்லாம் உள்ளங்கையை முட்டியில் கவிழ்த்துக் காட்டினாள்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் மாரியம்மா வார்டுக்கு வந்தாள்.

“யாருடி உனக்குத் தூக்கிவுடறது?” என்றாள் யோகேஸ்வரி.

“ஆட்டோ பின்னாடி வெச்சி, குனிஞ்சி தலைய குடுத்து நானே ஏத்திக்கிறேன். கழுத்துதான் பேஜாரு.”

“நம்ம கூட மீன் விக்கிற பூங்கொடிய ஜோடி சேத்துக்கறது?”

“அவ கை எனக்குப் பழகாது. நீ சீக்கிரம் வந்து சேரு. சும்மா படுத்துகினு ராணி மாரி கஞ்சி குடிக்காத.”

இருவரும் சிரித்தார்கள். மாரியம்மா கிளம்பும்போது ஒரு கையால் பிடரியைப் பிடித்துக்கொண்டே மெதுவாகப் படியிறங்கினாள். அவள் கண்ணிலிருந்து மறையும்வரை யோகேஸ்வரி பார்த்துக்கொண்டிருந்தாள். மூடி போட்டால் சில வருடத்தில் மறுபடி ஆபரேஷன் வரலாம் என்று டாக்டர் சொன்னது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

காலையில் கையெழுத்து வாங்க டாக்டர் படிவத்தோடு வந்தார். மூடி என்று அதில் எழுதியிருந்தது. யோகேஸ்வரி பேனாவை வாங்காமல், “அத்த அடிச்சிட்டு தண்டுன்னு எழுது டாக்டரு” என்றாள்.

“ஏம்மா? நேத்து வரைக்கும்…”

“எழுது.”

ரஞ்சிதா அன்றும் கேட்டாள், பிறகும் பல தடவை கேட்டாள். யோகேஸ்வரி காரணம் சொல்லவில்லை.