பிரேக்கம்மா மாத்திரை மாற்றிய கதை

அந்த டிரைவிங் ஸ்கூலில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. படிக்க வருகிறவர்கள் வைத்த பட்டப்பேர் பிரேக்கம்மா. கற்றுக்கொடுக்கிற காரில் பக்கத்து சீட்டுக்கும் ஒரு பிரேக் உண்டு இல்லையா, அதன்மேலேயே அவள் கால் இருக்கும். மற்ற வாத்தியார்கள் கத்துவார்கள், ஸ்டியரிங்கைப் பிடித்து இழுப்பார்கள். இவள் பேசிக்கொண்டே இருப்பாள், கார் தானாக நின்றுவிடும். "நான் நிறுத்தினேனா, நீங்க நிறுத்தினீங்களா மேடம்?" என்று கேட்டால், "வண்டி நின்னுச்சில்ல, அது போதும்" என்பாள்.

சில வருஷம் முன்னால் இவளே நின்றுபோனாள். காய்ச்சல் இல்லை, அடிபடவும் இல்லை. காலையில் எழுந்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான். பல் தேய்ப்பதே மலையைப் புரட்டுகிற வேலையாக இருந்தது. மகள் தானே தலை பின்னிக்கொண்டு பள்ளிக்கூடம் கிளம்பும் சத்தத்தைப் போர்வைக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டு கிடப்பாள். கணவர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். நின்றுபோன எந்தப் பெட்டியையும் பின்பக்கம் கழற்றிப் பார்த்துச் சரிபண்ணிவிடுகிற மனுஷன், பெண்டாட்டியை எங்கே கழற்றுவது என்று தெரியாமல் திண்டாடினார். கடைசியில் மனநல டாக்டரிடம் கூட்டிப்போனார். அந்த அம்மாள் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தாள். மெல்ல மெல்ல இவள் எழுந்தாள், குளித்தாள், வேலைக்கும் போனாள். அந்த மாத்திரையை அவள் என்றைக்கும் குறை சொன்னதில்லை. நன்றி கெட்டவள் இல்லை.

ஆனால் போகப் போக வேறொரு வம்பு. அழுகை வரவில்லை. சரி, நல்லதுதானே என்று விட்டாள். பிறகு பார்த்தால் சிரிப்பும் வரவில்லை. மகள் விழுந்து விழுந்து சிரிக்கிற நகைச்சுவைக்கு இவள் உதட்டை மட்டும் இழுத்து வைத்துக்கொள்வாள். அப்பா செத்தார். சுவருக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை பார்த்து, இவளைத் தோளில் தூக்கி வளர்த்த அப்பா. ஆட்களுக்குச் சொல்லி அனுப்பி, வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து, நாற்காலி எடுத்துப் போட்டு எல்லாம் இவள்தான் செய்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. "என்ன தைரியம் பாரு" என்றார்கள் சிலர். கணவரின் அக்கா, அதாவது நாத்தனார், "கல்லு" என்றாள், இவள் காதில் விழுகிற மாதிரியே. தைரியமும் இல்லை, கல்லும் இல்லை என்பது இவளுக்கு மட்டும் தெரியும். உள்ளே யாரோ பஞ்சை அடைத்து வைத்த மாதிரி இருந்தது.

அப்படியே ஓட்டியிருப்பாள். ஒருநாள் காரோட்டப் படிக்க வந்த டெய்லரம்மா பதற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்துவிட்டாள். எதிரே சைக்கிளில் ஒரு பெரியவர். இவள் கால் பிரேக்கை அழுத்தியது, சைக்கிள் சக்கரத்தை உரசுகிற தூரத்தில் கார் நின்றது. டெய்லரம்மா வெடவெடவென்று நடுங்குகிறாள். பெரியவர் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டுகிறார். இவளுக்கு மட்டும் நெஞ்சு படபடக்கக்கூட இல்லை. ஏதோ டிவியில் பார்த்த மாதிரி இருந்தது. பயம் வரவில்லையே என்பதுதான் அன்றைக்கு அவளைப் பயமுறுத்தியது.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள்.

"அதான் நல்லாயிட்டியே, அப்புறம் எதுக்கு அந்தச் சனியன்? விட்டுத் தொலை" என்றார் அவர்.

நாத்தனாரும் அங்கேதான் இருந்தாள். "நான் அன்னிக்கே சொன்னேன். பைத்தியக்கார மாத்திரையை முழுங்கினா இப்படித்தான் ஆகும். மனசைத் திடமா வச்சுக்கிட்டா மாத்திரை எதுக்கு?"

இவளும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சட்டென்று நிறுத்திவிட்டாள்.

முதல் இரண்டு மூன்று நாள் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் பிடித்துக்கொண்டது. கண்ணை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பினால் மண்டைக்குள் சுரீரென்று கரண்ட் அடிக்கும். தரை படகு மாதிரி ஆடும். சோப்பு விளம்பரத்தைப் பார்த்து அழுகை, மகள் கதவைச் சாத்தினால் எரிச்சல். காரில் உட்கார்ந்தபோதுதான் விஷயம் விளங்கியது. ஓட்டுகிறவளுக்குக் கண்ணாடி பார்க்கச் சொல்லிக்கொடுப்பவள் இவள். கண் கண்ணாடிக்குப் போகிறது, சுரீர். சாலைக்குத் திரும்புகிறது, மறுபடி சுரீர்.

"டெய்லரம்மா, வண்டியை ஓரம் கட்டுங்க" என்றாள்.

"நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா மேடம்?"

"நீங்க நல்லாத்தான் ஓட்டுறீங்க. எனக்குத்தான் உடம்பு சரியில்ல. பிரேக்ல இருக்கிற காலை நானே நம்ப முடியலைன்னா இந்த சீட்ல உக்காரக் கூடாது."

இன்னொரு வாத்தியாருக்கு போன் போட்டு வரவழைத்து, வண்டியை ஒப்படைத்துவிட்டு, பஸ் பிடித்து நேராக டாக்டரிடம் போனாள்.

டாக்டர் திட்டவில்லை. "மாத்திரை ஒத்துக்கலைன்னு நீங்க நினைச்சது தப்பே இல்ல. மாத்த வேண்டியதுதான். ஆனா இதைத் திடுதிப்புன்னு விட்டா உடம்பு கலவரம் பண்ணும். பழையதை மறுபடி ஆரம்பிங்க. கொஞ்சம் கொஞ்சமா இறக்குவோம், அது இறங்க இறங்கப் புதுசைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துவோம்."

"எவ்வளவு நாள் ஆகும்?"

"உங்க உடம்பு சொல்ற வேகத்துல. அது வரைக்கும் கார் வேண்டாம். செத்துடலாமான்னு ஒரு எண்ணம் எட்டிப் பார்த்தாக்கூட அந்த நிமிஷமே எனக்குப் போன் பண்ணணும். வெக்கப்படக் கூடாது."

"வெக்கமா? அதையெல்லாம் பஸ்ஸிலேயே இறக்கி விட்டுட்டு வந்துட்டேன்" என்றாள் இவள். சொன்ன பிறகுதான் அது உண்மை என்று அவளுக்கே தெரிந்தது.

மறுநாள் ஸ்கூல் முதலாளியிடம் போய் உள்ளதை உள்ளபடி சொன்னாள். அவர் முதலில் கதவைச் சாத்தினார், பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"முதுகுவலின்னு சொல்லிக்கலாமே. மனசு சம்பந்தப்பட்டதுன்னு வெளிய தெரிஞ்சா ஸ்கூல் பேரு என்னாகும்? இல்ல, ஒண்ணு பண்ணுங்க, இனிமே ஆபீஸ்லயே இருந்துடுங்க. வண்டியே வேண்டாம்."

"சார், எனக்கு முதுகு நல்லாத்தான் இருக்கு. இல்லாத வலியை எதுக்குச் சொல்லணும்? வண்டியை விட்டு நானாத்தான் இறங்கினேன், யாரும் இறக்கல. டாக்டர் ஏறலாம்னு சொன்ன அன்னிக்கு நானாத்தான் ஏறுவேன். நடுவுல உள்ள நாளுக்குப் பாடம் நடத்துறேன். சம்மதமா சொல்லுங்க."

முதலாளி பேனாவைத் திறந்தார், மூடினார். கடைசியில் தலையை ஆட்டினார்.

அப்படி மேஜைமேல் பொம்மைக் கார்களை ஓடவிட்டு, எந்தச் சந்திப்பில் யாருக்கு வழி விடணும் என்று நடத்த ஆரம்பித்தாள். உடம்பு படாத பாடு பட்டது. வாய் காய்ந்து ஒட்டிக்கொள்ளும், குமட்டும், காரணமே இல்லாமல் கை வியர்க்கும். ஒரு தடவை வகுப்பு நடுவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "என்ன மேடம்?" என்றார்கள். "மாத்திரை மாத்துறேன், தலை சுத்துது. ரெண்டு நிமிஷம் இருங்க, லாரிக்கு வழி விட்டுட்டு வரேன்" என்றாள். சிரித்தார்கள். எந்தக் குடியும் முழுகிப்போகவில்லை.

வீட்டில்தான் வெடித்தது. பழைய மாத்திரை பாதியும் புது மாத்திரை ஆரம்பமுமாக இருந்த வாரம். சாப்பிட்டு முடித்து அலமாரியைத் திறந்தால் இரண்டு அட்டையும் இல்லை.

"நான்தான் குப்பையில போட்டேன்" என்றாள் நாத்தனார், நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே. "ஒண்ணு போதாதுன்னு இப்ப ரெண்டா? எல்லாம் உன் நல்லதுக்குத்தான்."

அப்போது அடிவயிற்றிலிருந்து ஏதோ கிளம்பி வந்தது. கழுத்து சூடாகி, காது சூடாகி, கை விரலெல்லாம் துடித்தது. முதலில் இதுவும் மாத்திரையின் கோளாறு என்றே நினைத்தாள். அப்புறம் அடையாளம் தெரிந்தது. கோபம்! எத்தனை காலம் ஆச்சு இதைப் பார்த்து!

சமையலறைக்குப் போய்க் குப்பைக்கூடையைத் தூக்கி வந்து நாத்தனாரின் காலடியிலேயே கவிழ்த்தாள். முட்டை ஓட்டுக்கும் தேயிலைச் சக்கைக்கும் நடுவிலிருந்து அட்டைகளை எடுத்துக் கழுவித் துடைத்தாள். இரண்டிலும் உரியதைப் பிரித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எதிரே வந்து நின்றாள்.

"நல்லாப் பாத்துக்குங்க அண்ணி." வாயில் போட்டாள். தண்ணீர் குடித்தாள். வெறும் வாயைத் திறந்தும் காட்டினாள். "என் தலை, என் மாத்திரை. எனக்கு டாக்டர் இருக்காங்க, அந்த வேலை உங்களுக்கு வேண்டாம். இன்னொரு தடவை என் அலமாரியைத் திறந்தீங்க, நடக்கிறதே வேற."

"பாத்தியாடா தம்பி, எப்படிப் பேசுறா பாரு! இதுக்குத்தான் அந்த மருந்து வேண்டாம்னேன்!"

மெக்கானிக் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா பேச்சுக்கு மறுபேச்சு பேசிப் பழக்கமில்லாத வாய் அது. ஆனால் அன்றைக்குத் திறந்தது. "தப்பு உன்மேலதான்க்கா. என்மேலயும்தான், விட்டுத் தொலைன்னு சொன்னவன் நான்தானே." சொல்லிவிட்டுக் கீழே உட்கார்ந்து முட்டை ஓட்டைப் பொறுக்க ஆரம்பித்தார். நாத்தனார் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். சில மாதம் பேசவில்லை. பிறகு பேசினாள், அலமாரிப் பக்கம் மட்டும் போகவில்லை.

பழைய மாத்திரை முழுக்க நின்று, புதியது ஒருவழியாக உடம்பில் குடியேறிய சமயம். ஒரு மத்தியானம், கட்டி முடிகிற ஒரு கட்டடத்தின் வழியே நடந்துவந்தாள். ஈரப் பெயின்ட் வாசனை. கால் நின்றுவிட்டது. படிக்கட்டில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள், மூக்கு ஒழுக, மூச்சு முட்ட. காவலாளி பதறி ஓடிவந்தார்.

"என்னம்மா ஆச்சு?"

"எங்கப்பா செத்துட்டாரு."

"அடப்பாவமே! எப்பம்மா?"

"போன வருஷம்."

காவலாளி முழித்தார். பிறகு என்ன தோன்றியதோ, தன் ஸ்டூலை எடுத்து வந்து போட்டுவிட்டு, "அழும்மா, நான் அந்தப் பக்கம் இருக்கேன்" என்று போய்விட்டார். இவள் ஆற அமர அழுது முடித்தாள்.

டாக்டர் ஏறலாம் என்ற அன்றைக்குக் காரில் ஏறினாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். வியர்வை போகவில்லை. விசித்திரமான கனவெல்லாம் வருகிறது. ஒரு தடவை மனசு மறுபடி கீழே இழுத்தபோது மருந்தைக் கொஞ்சம் கூட்ட வேண்டியிருந்தது. "இன்னுமா மாத்திரை? எப்பதான் நிறுத்துவே?" என்று விசாரிக்கிறவர்களுக்கும் குறைச்சல் இல்லை. "நிறுத்துற அன்னிக்குச் சொல்லி அனுப்புறேன், வந்து கை தட்டிட்டுப் போங்க" என்கிறாள்.

போன வாரம் ஸ்கூல் வாசலில் ஒரே கூட்டம். காரின் பின் சீட்டு பெல்ட் ஒன்று ரொம்ப நாளாகப் பூட்டிக்கொள்வதில்லை. பஞ்சு அடைத்த காலத்தில் இவளும் அதைப் பார்த்தும் பாராமல் இருந்தவள்தான். இப்போது சாவியைத் தர மாட்டேன் என்று கார்மேல் சாய்ந்து நிற்கிறாள். படிக்க வந்தவர்கள் வரிசையாகக் காத்திருக்கிறார்கள்.

"இன்னிக்கு ஒரு நாள் ஓட்டுங்க, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார் முதலாளி.

"இன்னிக்கே பாருங்க."

"என்ன மேடம், முன்னாடியெல்லாம் எவ்வளவு அமைதியா இருப்பீங்க!"

"ஆமா சார், உடம்பு சரியில்லாம இருந்துச்சு" என்றாள் பிரேக்கம்மா.

முதலாளி பட்டறைக்கு போன் போட உள்ளே போனார்.