கங்காணியின் சாய்வு நாற்காலி

பழைய தளபாட வியாபாரத்தில் ஒரு சாமான் ஒரே இடத்தில் நின்றுவிட்டால் முதலில் கறையான் வரும், பிறகு வீட்டுக்காரி கேள்வி கேட்டு வருவாள். பதுளை பஜாரில் கடை போட்டதிலிருந்து நான் எதையும் நிற்க விட்டதில்லை, என் பூனையைத் தவிர. வேலை செய்கிறவர்களை உட்கார்ந்தபடியே மேய்ப்பதால் அதற்குக் கங்காணி என்று பெயர். வயது பதினாறு தாண்டிவிட்டது. கிழட்டுப் பூனை வைத்திருப்பவர்களே, என் பாடு உங்களுக்குத் தெரியும்.

படி

கங்காணிக்கு மூட்டு பிடித்துக்கொண்டது. வாசலோரம் வெயில் விழும் இடத்தில் கிடந்த சாய்வு நாற்காலிதான் அதன் படுக்கை. ஒரு தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில் தொண்டை கிழிய விலை பேசி நான் வாங்கியது. ஒருநாள் அதில் ஏற முடியாமல் நகத்தால் தொங்கிக்கொண்டு கத்தியது. தச்சன் செல்வத்தைக் கூப்பிட்டு மூன்று படி அடிக்கச் சொன்னேன். உயரம் என்று திட்டினேன், குறைத்தான். வழுக்கும் என்று திட்டினேன், சாக்கு வெட்டி ஒட்டினான். ஆடுகிறதே என்றேன். சுத்தியலைக் கீழே வைத்துவிட்டான்.

"முதலாளி, நீங்க கத்துற கத்துக்கு அது இந்நேரம் கூரைக்கே பாஞ்சிருக்கும்."

லாச்சி

அடுத்து, மண் பெட்டிக்குப் போகாமல் விற்கிற மெத்தையை நனைத்தது. கொழுப்பு என்று நினைத்தேன். பெட்டியின் விளிம்பைத் தாண்டக் கால் வலிக்கிறது, கண்ணும் மங்கிவிட்டது என்றார் மிருக வைத்தியர். பழக்கத்தில்தான் நடக்கிறதாம், சாமான் எதையும் இடம் மாற்றக் கூடாதாம். தளபாடக் கடைக்காரனிடம் சொல்கிற பேச்சா இது?

ஓர் அலுமாரியின் இழுப்பு லாச்சியை உருவி, முன்பலகையை அறுத்தெறிந்து, மண் போட்டு வைத்தேன். கங்காணி ராஜா மாதிரி நடந்தே உள்ளே போனது. மகள் கல்யாணத்துக்கு அலுமாரி பார்க்கத் தோட்டத்திலிருந்து வந்த ஓர் அம்மா, அதன் கதவைத் திறந்ததும் அந்த ஓட்டையைத்தான் பார்த்தார். லாச்சி பூனையிடம் இருக்கிறது என்றேன்.

"அப்ப விலையை யார்கிட்டங்க பேசணும், உங்ககிட்டயா, அதுகிட்டயா?"

நாற்காலி

பக்கத்து ஊரான எல்லவில் வெள்ளைக்காரருக்கு விடுதி நடத்தும் ஒருவர் சாய்வு நாற்காலிக்கு நல்ல விலை சொன்னதும் வைத்தியர் பேச்சு காற்றில் போனது. கங்காணி சாப்பிடப் போன நேரம் பார்த்து நாற்காலியை லொறியில் ஏற்றிவிட்டேன். அந்த இடத்தில் போட வேறொன்றை இழுத்து வருவதற்குள், அது மூன்று படியும் ஏறி, நாற்காலி இருக்கிறதென்று நம்பிக் காலை வைத்தது. விழுந்தது. எலும்பு முறியவில்லை. ஆனால் புது நாற்காலியை மோந்துவிட்டு வெறுந்தரையில் படுத்தது. மறுநாளும் மீன் தலையைத் தொடவில்லை. இந்த வயதில் பட்டினி கிடந்தால் தாங்காது என்றார் வைத்தியர்.

லொறி பிடித்து எல்லவுக்கு ஓடினேன். பூனையைப் பற்றி மூச்சே விடாமல், நாற்காலிக் காலில் வெடிப்பு, பிரம்பு தளர்ச்சி, வெள்ளைக்காரன் உட்கார்ந்தால் அறுந்துவிடும், பழகின மனுசன் என்பதால் நானே திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று அடுக்கினேன். அவர் பொறுமையாகத் தேத்தண்ணி குடித்து முடித்தார்.

"இதுல ஒண்ணையும் விக்கும்போது சொல்லலையே அண்ணே?"

அவர் கேட்ட விலையைக் கத்தாமல் கொடுத்தேன். நாற்காலி பழைய இடத்தில் இறங்கியதும் கங்காணி மோந்து, படியேறி, சுருண்டு படுத்து, சாயங்காலம் மீன் தலைக்குக் கத்தியது. விற்ற விலையைவிடக் கூடக் கொடுத்து நான் திரும்ப வாங்கிய ஒரே சாமான் அதுதான், அதில் உட்கார எனக்கு மட்டும் இன்னும் அனுமதி இல்லை.