இல்லாத கதவு

போருக்குப் பிறகு இராணுவம் விட்டுப்போன எங்கள் கடற்கரைப் பங்குப் பள்ளிக்கூடத்தைப் பார்க்கப் போனபோதுதான் அந்த இளம் கன்னியாஸ்திரியைக் கண்டேன். நல்ல உயரம், முப்பது வயதுகூட இராது. நான் சின்னனில் படித்த அந்த இடத்தில் சுவர் ஒன்றும் இல்லை. எருக்கலைச் செடிகளுக்கும் முட்பற்றைகளுக்கும் நடுவே அத்திவாரம் மட்டும் கிடந்தது. நான் அதைத் தாண்டி உள்ளே போனேன். அவரோ முள்ளில் சிக்கிய முக்காட்டை விடுவித்தபடி சுற்றிப்போய், எங்கள் வகுப்புக் கதவு முன்பு இருந்த இடத்தாலேயே வந்தார்.

"சிஸ்டர், இஞ்சை படிச்சனீங்களோ?"

"இல்லை அக்கா, இண்டைக்குத்தான் முதன்முதல் வாறன். நான் அகதி முகாமிலை பிறந்தனான். இஞ்சையிருந்து இடம்பெயர்ந்து வந்து அங்கை படிப்பிச்ச வயதான சிஸ்டர்மார் மரத்துக்குக் கீழை சாம்பலாலை இந்தப் பள்ளிக்கூடத்தைக் கீறி வைச்சிருந்தவை. மழை அழிச்சால் திரும்பக் கீறுவினம். கோட்டுக்கு மேலாலை ஆரையும் விடமாட்டினம். கதவாலைதான் வரவேணும்."

"எவ்வளவு காலம்?"

"அவை கண் மூடுமட்டும்."

பின்பக்கம் போனதும் சிஸ்டர் சட்டென்று குனிந்தார்.

"குனியுங்கோ அக்கா, இந்தக் கதவு நிலை பதிவு. முகாமிலை கீறின கோட்டிலையும் அவை இந்த இடத்திலை குனிஞ்சுதான் போறவை."

பெரியவர்களுக்குத் தலை தட்டும் நிலைதான் அது. எனக்கே மறந்துபோயிருந்தது. அண்ணாந்து பார்த்தேன். மேலே வெறும் வானம்.

குனிந்துதான் போனேன்.