ஷிஜி வீட்டு வான்கோழி

ஷிஜிக்கு நாற்பத்திரண்டு வயது. கழக்கூட்டத்தில் ஒரு மென்பொருள் அலுவலகக் கட்டடத்துக்குச் சூப்பர்வைசர். லிஃப்ட் நின்றாலும், குழாய் ஒழுகினாலும், ஏசி குழலுக்குள் எலி செத்துக் கிடந்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். பன்னிரண்டு மாடியும் அவள் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நின்றன. சொந்தபந்தங்கள்தான் கட்டுப்படவில்லை.

கல்யாணம் ஆகவில்லை. ஆளே வரவில்லை என்று அதற்கு அர்த்தமில்லை. அம்மா வருஷக்கணக்கில் படுக்கையில் கிடந்தபோது பார்த்துக்கொள்ள ஒருத்தி வேண்டியிருந்தது. அம்மா போய்ச் சேர்ந்தபோது வரன்களும் வருவதை நிறுத்தியிருந்தன. அதற்காக ஷிஜி மூலையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்தாள், வாடகைக்கு மாடியில் ஒரு சின்ன வீடு பிடித்தாள், ஃபிரிட்ஜ் வாங்கினாள், ஜன்னலுக்குத் திரை தைத்துப் போட்டாள். பாறசாலையில் அப்பாவோடு இருக்கும் அண்ணன் விஜின் மட்டும் அந்த இடத்தை "ஷிஜிக்க ரூம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தான். தனியாக இருக்கிற பெண் பிள்ளைக்கு எதற்கு வீடு, ரூம் போதாதா!

கிறிஸ்மஸ் என்றால் அவள் கேக்கோடு அண்ணன் வீட்டுக்குப் போவாள். வாசல் ஏறியதுமே அண்ணன் மனைவி லிபி மைனி ஒரு பழைய நைட்டியை எடுத்துக் கொடுப்பாள், உள்ளி உரிப்பதற்குத் தோதாக. லிபி கெட்டவள் இல்லை. வேலை செய்கிற கை ஒன்று வீட்டுக்குள் வந்தால் யாருக்குத்தான் சந்தோஷமாக இருக்காது? எல்லோருக்கும் சோறு விளம்பி, பாத்திரம் கழுவி, சாயங்கால ரயிலில் ஷிஜி திரும்பிவிடுவாள். போன கிறிஸ்மஸுக்கு லிபியின் தங்கை குடும்பமும் வந்துவிட்டதால் மேசையில் இடம் போதவில்லை. ஷிஜி அடுக்களையில் நின்றபடியே சாப்பிட்டாள். ஒருத்தரும் கவனிக்கவில்லை. அதுதான் அவளைச் சுட்டது. அடுத்த கிறிஸ்மஸ் சாப்பாடு தன் வீட்டில்தான், அண்ணனும் மைனியும் அப்பாவும் அங்கே வந்து உட்கார்ந்து சாப்பிட்டே ஆக வேண்டும் என்று ரயிலில் வரும்போதே முடிவு கட்டிவிட்டாள்.

வருஷம் ஓடி, நவம்பரில் ஃபோன் செய்து அழைத்தபோது லிபி உருகிப்போனாள்.

"நீ ஒற்றைக்கு என்ன செய்வே பிள்ளே? நான் காலத்தே வந்து கறி வச்சுத் தாறேன். நீ ஒண்ணும் டென்ஷன் ஆவாண்டாம், கேட்டியா?"

ஷிஜி பயந்தது இதற்குத்தான். கோழிக் கறி வைத்தால் மைனி வந்து கரண்டியைப் பிடுங்குவாள். தாராவு என்கிற வாத்து வைத்தாலும் பிடுங்குவாள். கரண்டி கைமாறினால் பிறகு அது யார் வீட்டுக் கிறிஸ்மஸ்? மைனிக்குத் தெரியாத ஒன்றைச் சமைக்க வேண்டும். யோசித்துப் பார்த்ததில், குடும்பத்திலேயே யாரும் செய்யாதது ஒன்றுதான் இருந்தது.

"கறி இல்ல மைனி. முழு வான்கோழி. ரோஸ்ட்" என்றாள்.

"முழுசாவா?" என்றாள் லிபி.

தனக்கும் அது தெரியாது என்பதை ஷிஜி சொல்லவில்லை. ஃபோனை வைத்துவிட்டு வீடியோக்கள் பார்க்கத் தொடங்கினாள். எல்லா வீடியோவிலும் ஒரு வெள்ளைக்காரி சிரித்துக்கொண்டே பறவையின் தோலுக்கும் இறைச்சிக்கும் நடுவே கையை விட்டு வெண்ணெய் தடவினாள். அந்த வெண்ணெயில்தான் சூட்சுமம், தோல்தான் இறைச்சியை வறண்டுபோகாமல் காக்கும் என்றாள். ஷிஜி ஒன்றுவிடாமல் மனப்பாடம் செய்துகொண்டாள்.

அடுத்த சிக்கல் அடுப்பு. அவளுடைய மைக்ரோவேவில் வான்கோழியின் கழுத்துகூட நுழையாது. அதனால் பூதலிங்கம் அண்ணாச்சியின் பேக்கரிக்குப் போனாள். நாகர்கோவில்காரரான அவரிடம் ஒரு பழைய போர்மா இருந்தது. விறகு எரித்து, செங்கல் சூட்டில் ரொட்டியும் கேக்கும் வேகவைக்கிற பெரிய அடுப்பு அது.

"எம்மா, இது கேக்கு வேகுத நேரம். கோழிய உள்ள வச்சா பிளம் கேக்கெல்லாம் கோழி மணம் அடிக்கும்லா" என்றார் அண்ணாச்சி.

"கேக் எல்லாம் எடுத்த பெறவு போதும் அண்ணாச்சி. சூடு சும்மாதானே போவுது?"

முடியாது என்றார். ஷிஜி மறுநாளும் போய் ஒரு பன் வாங்கினாள், கேட்டாள். அதற்கு மறுநாளும் வாங்கினாள், கேட்டாள். வீட்டில் பன் குவிந்தது. கடைசியில் அண்ணாச்சி, "கிறிஸ்மஸ் அன்னைக்குக் காலையில கொண்டு வாங்க, தாயே. இனிமே பன்னு மட்டும் வாங்காதிய" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

பறவைக்குக் கோழிக்கடை பிச்சைக்கனியிடம் முன்பே சொல்லி வைத்திருந்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கறித்துண்டு போடுகிற ஆள் என்பதால் பார்க்கும்போதெல்லாம் நினைவுபடுத்தினாள்: "வெட்டக் கூடாது இக்கா. முழுசா வேணும்." அவரும் தலையை ஆட்டினார்.

கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் மாலை பிச்சைக்கனி ஒரு பெரிய பொதியை நீட்டினார். முகத்தில் அப்படி ஒரு பெருமை. ஷிஜி பிரித்துப் பார்த்தாள். வான்கோழி முழுசாகத்தான் இருந்தது. தோல்தான் இல்லை. சுத்தமாக உரித்திருந்தார்.

"இக்கா! தோல் எங்க?"

"உரிச்சாச்சு. தோலெ யாரு திம்பா?"

அவரைச் சொல்லி என்ன பயன்? அந்த ஊரில் கோழி என்றால் உரித்துத்தான் கொடுப்பார்கள். வெட்டாதே என்று சொல்லத் தெரிந்தவளுக்கு உரிக்காதே என்று சொல்லத் தோன்றவில்லை. அவளும் பிறந்ததிலிருந்து உரித்த கோழியைத்தானே பார்த்திருக்கிறாள். வேறு பறவை உண்டா என்று கேட்டாள். கூண்டைக் காட்டினார். காலியாக இருந்தது.

வீட்டுக்கு வந்து வான்கோழியை மேசைமேல் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை வந்தது. வெண்ணெய் தடவ இடமே இல்லாத இந்தப் பறவை போர்மாவுக்குள் போனால் விறகாகத்தான் வெளியே வரும். மைனிக்கு ஃபோன் செய்து, காலத்தே வாருங்கள் என்று சொல்லிவிடலாம். மைனி ஓடி வருவாள், திட்டக்கூட மாட்டாள். கரண்டியை எடுத்துக்கொள்வாள், அவ்வளவுதான். ஷிஜி ஃபோனைக் கையில் எடுத்தாள். பிறகு கீழே வைத்தாள்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு, இது வேலை செய்யும் இடத்தில் நடந்திருந்தால் என்ன செய்வேன் என்று யோசித்தாள். ஏசிக் குழாயின் மேலுறை கிழிந்தால் அவள் குழாயைத் தூக்கி எறிவதில்லை. வேறு உறையைச் சுற்றச் சொல்வாள். தோல் போனால் போகட்டும், இன்னொரு தோல் போட்டால் என்ன? அப்போதுதான் ஃபிரிட்ஜ் மேல் குவிந்து கிடந்த பன்கள் அவள் கண்ணில் பட்டன.

காலை ஆராதனை முடிந்த கையோடு பேக்கரிக்குப் போனாள். வெண்ணெயிலும் குருமிளகிலும் தேங்காய்ப்பாலிலும் இராமுழுக்க ஊறிய வான்கோழி ஒரு பெரிய அலுமினியத் தட்டில் இருந்தது.

"அண்ணாச்சி, பன்னு மாவு வேணும். நிறைய வேணும்."

"மாவு எதுக்கு? கோழிக்குச் சட்டை தைக்கப் போறியளா?"

"ஆமா."

அண்ணாச்சி சிரித்துக்கொண்டே மாவைக் கொடுத்தார். அவள் அதைத் தடிமனாகப் பரத்தி, வான்கோழியை ஒரு பொட்டு இடம்கூடத் தெரியாமல் மூடி, ஓரங்களை அழுத்தி ஒட்டினாள். போர்மாவின் கதவு சாத்தப்பட்டது. இனி உள்ளே வெந்ததா வேகவில்லையா என்று உடைத்துப் பார்த்தால்தான் தெரியும். அதுவும் எல்லோர் முன்னாலும்.

அண்ணன் குடும்பம் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டது. அப்பா ராஜையன் நாற்காலியில் உட்கார்ந்தார். லிபி நேரே அடுக்களைக்குள் போய் மூடிகளைத் திறந்து பார்த்தாள். சோறு, சாலட், அவ்வளவுதான். ஃபிரிட்ஜையும் திறந்தாள்.

"கறி எங்க பிள்ளே?"

"வரும் மைனி. பேக்கரியில வேகுது."

"பேக்கரியிலயா! அது எப்ப வெந்து, எப்ப சாப்பிட? சிக்கன் இருந்தா எடு, அரை மணிக்கூறு போதும். குக்கர் எங்க?" சேலையை இழுத்துச் சொருகியாகிவிட்டது.

ஷிஜி அடுக்களை வாசலை மறித்து நின்றாள். சொல்லியும் விட்டாள்: "மைனி, நீங்க இன்னைக்கு ஒண்ணும் செய்ய வேண்டாம். இது எனக்க வீடு. நீங்க விருந்துக்கு வந்திருக்கிய. போய் இரிங்க."

லிபியின் முகம் சுருங்கியது. விஜின் ஃபோனைப் பார்ப்பதுபோல் பார்த்தான். பறவையைக் கொண்டு வரக் கிளம்புமுன் ஷிஜி, இங்கேதான் நல்ல காற்று வரும் என்று சொல்லி அப்பாவின் நாற்காலியை அடுக்களை வாசலில் கொண்டுபோய்ப் போட்டாள். அங்கே காற்றும் இல்லை, ஒன்றும் இல்லை. அப்பாவைத் தாண்டி மருமகள் உள்ளே போக மாட்டாள் என்பதுதான் கணக்கு.

ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்து இறக்கியதைப் பார்த்து விஜின் வாய்விட்டுச் சிரித்தான். "வான்கோழின்னு சொல்லிட்டு இவ்வளவு பெரிய பன்னைக் கொண்டு வாறே!"

யாரும் அதை மறுக்க முடியாது. மேசை பாதியை அடைத்துக்கொண்டு, பொன்னிறத்தில், ஒரு ராட்சச பன் இருந்தது. அப்பா ஜெபம் செய்தார். ஷிஜி அந்த ஜெபத்தில் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. ஆமென் சொன்னதும் வெட்டுக்கத்தியின் பின்புறத்தால் ஒரு தட்டு தட்டினாள். மேலோடு பிளந்தது. மிளகும் வெண்ணெயும் கலந்த ஆவி வீடு முழுக்கப் பரவியது. நெஞ்சில் கத்தியை வைத்தாள். இறைச்சி வெள்ளையாக, சாறோடு, சுலபமாக விட்டுக்கொடுத்தது. தொடையை வெட்டினாள். எலும்போரம் சிவப்பாக இருந்தது.

"கால் வேகல்லியே" என்றாள் லிபி, பாதி எழுந்தபடி.

"ஆமா, வேகல்ல" என்றாள் ஷிஜி. ஒளிக்கவும் இல்லை, பதறவும் இல்லை. இரண்டு கால்களையும் வெட்டி எடுத்தாள், தட்டில் வழிந்த சாற்றோடு சட்டியில் போட்டாள், அடுப்பை மூட்டி மூடி வைத்தாள். திரும்பி வந்து, "கால் பெறவு வரும். நெஞ்சு வெந்திருக்கு. இரிங்க மைனி, நான் விளம்புறேன்" என்றாள்.

லிபி உட்கார்ந்தாள். இறைச்சியும், சாறு குடித்து ஊறிய பன்னும் அவள் தட்டில் வந்து விழுந்தன. ஒரு வாய் சாப்பிட்டாள். இன்னொரு வாய். பிறகு தட்டைப் பார்த்தபடியே, "எனக்கு ஒருத்தங்க விளம்பித் தந்து நான் கிறிஸ்மஸ் சாப்பிட்டதே இல்ல, தெரியுமா" என்றாள். சண்டைக்குத் தயாராக நின்றிருந்த ஷிஜி அவள் தட்டில் இன்னொரு துண்டு வைத்தாள்.

கால்களும் வெந்து வந்தன. பன்னில் ஒரு பொருக்குகூட மிஞ்சவில்லை. கடைசித் துண்டுக்கு விஜினும் லிபியும் சண்டை போட்டார்கள்.

வெயில் சாய்ந்ததும் விஜின் கார் சாவியை எடுத்தான். "அப்பா, எறங்கலாம். ஹைவேயில டிராஃபிக் கூடிரும்."

அப்பா சட்டைப் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினார். யார் வீட்டுக்குப் போனாலும் கழுத்துவரை பொத்தான் போட்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்து, போகலாமா போகலாமா என்று கேட்கிற மனிதர். சட்டையைக் கதவுக் கொக்கியில் மாட்டினார்.

"நீங்க போங்க. நான் ரெண்டு நாளு நின்னுட்டு வாறேன். மக்களே, ஒரு கைலி எடு" என்றார் மகளிடம்.

ஷிஜி அலமாரியைத் திறந்தாள். யாரும் வந்து தங்காத வீட்டில் கைலிக்கு எங்கே போவது? பிரிக்காமல் வைத்திருந்த பூப்போட்ட படுக்கை விரிப்பை எடுத்துக் கொடுத்தாள். அப்பா அதை இடுப்பில் சுற்றிக்கொண்டு வந்து நின்றார். லிபி சிரித்த சிரிப்பில் ஷிஜிக்கும் சிரிப்பு வந்தது. அதோடு கண்ணீரும் வந்தது, அவள் மறைக்கவில்லை.

அண்ணனையும் மைனியையும் அனுப்பக் கீழே இறங்கினாள். கார் திரும்புகிறவரை நின்று கையாட்டினாள். கிறிஸ்மஸ் அன்று போகிறவளாக இல்லாமல், வழியனுப்புகிறவளாக அவள் வாசலில் நின்றது அதுதான் முதல் தடவை.