மடவார் வளாகத்தில் எடுத்த கடைசிக் காட்சி

1993 ஜனவரி, பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை. கல்லூரி நண்பர்கள் பல வருடம் கழித்துச் சந்திக்கும் கதையை வீடியோப் படமாக எடுக்க மதுரையிலிருந்து கிளம்பினேன். கலைத்தாகம் என்று எல்லாரிடமும் சொல்லியிருந்தேன். பொய். ராஜபாளையத்தில் நூல் மில் சூப்பர்வைசராக இருந்த டேவிட்டும், சோழபுரத்தில் விவசாயம் பார்த்த முத்துராஜும் என் வகுப்புத் தோழர்கள். முத்துராஜின் அப்பா இறந்தபோது டேவிட் துக்கத்துக்குப் போகவில்லை. அதிலிருந்து ஆறு வருடம் இருவருக்கும் பேச்சே இல்லை. சமாதானம் பேசப் போனால் என்னையும் சேர்த்துக் கைகழுவிவிடுவார்கள். நடிக்கக் கூப்பிட்டால் யார் வரமாட்டார்கள்? இருவரும் வந்தார்கள்.

காலை 5.30 பஸ். ஸ்ரீவில்லிபுத்தூர் 75 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம், டிக்கெட் பதினோரு ரூபாய். அங்கே கல்யாண வீடியோ எடுக்கும் சங்கரன் அண்ணன் கேமராவோடு சேர்ந்துகொண்டார். நாள் வாடகை 500. என் மொத்த பட்ஜெட்டும் ஏறக்குறைய அதுதான். அங்கிருந்து 12 கிலோமீட்டர், அரை மணியில் ராஜபாளையம்.

பஸ் ஸ்டாண்டில் முதல் காட்சி. பழைய நண்பர்கள் ஒருவரையொருவர் அடையாளம் காண வேண்டும். கேமராவைத் தோளில் வைத்ததும் சங்கரன், "எல்லாரும் இங்கன பாத்துச் சிரிங்க" என்றார். டீக்கடைக்காரர், பூக்கடைக்காரர், பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நடிகர்கள் இருவர் மட்டும் உம்மென்று நின்றார்கள். எழுதிக் கொடுத்த வசனத்துக்கு மேல் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் திரும்பி வரும் பஸ்ஸில் ஒருவன் முன் சீட், ஒருவன் கடைசி சீட். வந்த காரியம் கெட்டது என்றே நினைத்தேன்.

மூன்று மணிக்கு மடவார் வளாகம். ஊர் ஓரத்துச் சிவன் கோயில் அது. கோயிலுக்கு வெளியே கடைசிக் காட்சி. "நல்லாருக்கியா?" என்று முத்துராஜ் கேட்க வேண்டும். அவன் கேட்டது வேறு.

"எங்கய்யா செத்தப்ப ஏம்லே வரல?"

டேவிட் தலையைக் குனிந்துகொண்டான். "மில்லுல லீவு குடுக்கல. பதினாறாம் நாள் வந்தேன். சோழபுரத்துல எறங்கி செத்த நேரம் நின்னேன். ஒன் மூஞ்சியில முழிக்க ஏலாம அடுத்த பஸ்ஸுல திரும்பிட்டேன்."

"இதச் சொல்ல ஆறு வருசமாலே?"

"நீ கேக்கலயே."

இருவரும் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். எனக்கும் அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், சங்கரனின் கேமரா கோபுரத்தைப் பார்த்து நிற்கிறது.

"என்னண்ணே, அவங்கள எடுக்கலையா?"

"அழுகைய எடுக்கக் கூடாது தம்பி. பொண்ணு வீட்டுல அழ ஆரம்பிச்சா கேமராவத் திருப்பிருவோம். பொறவு கேசட்டு பாக்கையில அவியளுக்குச் சங்கடம்லா."

தலையில் கைவைத்தேன். இன்னொரு தடவை நடிக்கச் சொல்லிக் கெஞ்சினேன். யார் கேட்டார்கள்?

"வீட்டுக்கு வாரியாலே?" என்றான் முத்துராஜ்.

"வாரேன். இந்தத் தடவ வாசலத் தாண்டி வாரேன்."

பால்கோவா வாங்கிக்கொண்டு இருவரும் பஸ் ஏறிப் போய்விட்டார்கள். என்னைக் கூப்பிடவே மறந்துவிட்டார்கள். எனக்கு அதில் துளி வருத்தமில்லை.

போகிறவர்களுக்கு: மதியம் நடை சாத்தியிருக்கும், நாலரைக்கு மேல் போங்கள். பால்கோவா சூடாகக் கிடைத்தால் அங்கேயே நின்று சாப்பிட்டுவிடுங்கள். கல்யாண வீடியோக்காரரை வைத்துப் படம் எடுப்பதாக இருந்தால், அழுகையையும் எடுக்க வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

எங்கள் படத்தின் கடைசி நான்கு நிமிடம் வெறும் கோபுரம், பின்னால் இரண்டு பேர் மூக்கை உறிஞ்சும் சத்தம். என் வீட்டுக்கு வரும்போதெல்லாம் இருவரும் அந்த நான்கு நிமிடத்தை மட்டும்தான் போடச் சொல்கிறார்கள்.